நாய்கள் இழுத்த துருவம்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் துருவப் பயணிகளையும் அவர்களுடைய பனிவண்டி நாய்களையும் பற்றியவை. ஆகவே இந்தப் பக்கங்கள் முழுவதும் அவற்றுக்கே.

● தென்துருவத்துக்கு முதலில் போனவர் ஆமுண்ட்சென். அவரை ஜெயிக்க வைத்தது நாய்கள்தானா?
— கல்லூரி மாணவி, திருச்சி

நாய்கள்தான், சந்தேகமே வேண்டாம். 1911 அக்டோபரில் ஐந்து பேர், நான்கு பனிவண்டிகள், 52 கிரீன்லாந்து நாய்கள் என்று கிளம்பினார்கள். டிசம்பர் 14 அன்று துருவம். 1912 ஜனவரி 25 அன்று முகாமுக்கே திரும்பிவிட்டார்கள். மொத்தம் 99 நாள். அவரோடு போட்டியிட்ட பிரிட்டன்காரர் ஸ்காட்டின் குழு மோட்டார் வண்டி, குதிரை, நாய் மூன்றையும் கொண்டுபோனது. மூன்றும் பாதி வழிக்கு மேல் கூட வரவில்லை. கடைசியில் மனிதர்களே வாரை மாட்டிக்கொண்டு வண்டியை இழுத்தார்கள். ஜனவரி 17 அன்று துருவத்தை அடைந்த அவர்களுக்காகக் காத்திருந்தது நார்வே கொடி.

குதிரைக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், வியர்வை தோலோடு உறையும். நாய்க்கு அப்படி இல்லை, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்றிவிடும். குதிரைக்கான தீவனத்தை மூட்டை மூட்டையாகச் சுமந்துபோக வேண்டும். நாய்க்கு வேண்டிய சீல் இறைச்சி கடலோரத்திலேயே கிடைக்கும். பனி மூடிய பிளவின் மேல் குதிரைக் குளம்பு பொத்துக்கொண்டு இறங்கும் இடத்தில் நாய் பெரும்பாலும் கடந்துவிடும். நாய் ஓட்டும் வித்தையை ஆமுண்ட்சென் 1903 முதல் 1905 வரை கனடாவின் வடகோடியில் நெட்சிலிக் இனுயிட் மக்களின் பக்கத்தில் இருந்து கற்றார். ஸ்காட்டுக்கு அப்படி ஒரு பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை.

● 52 நாய்கள் போய் 11 திரும்பின என்கிறார்கள். மீதி 41 என்ன ஆயின?
— வங்கி ஊழியர், ஈரோடு

பெரும்பாலானவை கொல்லப்பட்டன. விபத்தில் இல்லை, திட்டப்படி. எத்தனை நாய் எதுவரை வண்டி இழுக்கும், எந்த இடத்தில் அது மற்ற நாய்களுக்கும் மனிதர்களுக்கும் உணவாகும் என்று புறப்படும் முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள்.

ஆக்சல் ஹைபர்க் பனியாற்றில் ஏறி மேலே வந்த இடத்தில் ஒரே மாலையில் 24 நாய்கள். அவரவர் வண்டி நாய்களை அவரவரே சுட வேண்டும் என்பது உடன்பாடு. அந்த மாலை கூடாரத்துக்குள் சமையல் பொறுப்பு ஆமுண்ட்சென்னுடையது. ப்ரைமஸ் அடுப்பை வழக்கத்தைவிட வேகமாகப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தார், வெளியே கேட்கும் வெடிச்சத்தம் காதில் விழக்கூடாது என்பதற்காக. இதை எழுதி வைத்தவர் அவரேதான். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கசாப்புக்கடை. முதல் ராத்திரி அந்த இறைச்சி யாருக்கும் இறங்கவில்லை. பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். மிஞ்சிய 18 நாய்கள் துருவத்தை நோக்கி வண்டி இழுத்தன. துருவத்திலேயே இன்னொன்றைக் கொன்றார்கள். ஹெல்கே என்று பெயர், ஐவரில் ஒருவரான ஹெல்மர் ஹான்சென் வண்டியில் நன்றாக உழைத்த நாய், ஓய்ந்துபோயிருந்தது.

வெற்றிக்கு அது தேவைப்பட்டது என்று வாதாடுபவர்கள் உண்டு. தேவைப்பட்டது உண்மை. ஆனால் அந்தத் துருவத்தில் காப்பாற்ற வேண்டிய உயிர் ஒன்றும் இல்லை, நட வேண்டிய கொடி ஒன்றுதான் இருந்தது. அதற்கு இத்தனை நாய்கள் அதிகம் என்பது என் தீர்ப்பு.

● அப்படியானால் நாய்கள்மேல் தனக்குப் பாசம் என்று ஆமுண்ட்சென் எழுதியது வெறும் நடிப்புதானே?
— இல்லத்தரசி, நாகர்கோவில்

நடிப்பு என்றால் மனசு சுலபமாக ஆறிவிடும். நடிப்பு இல்லை, அதுதான் கஷ்டம். நார்வேயிலிருந்து ஃப்ராம் கப்பலில் 97 நாய்களை ஏற்றிக்கொண்டு வெப்ப மண்டலத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. நாய்கள் ஈரத்தில் படுக்கக்கூடாது என்று கப்பல் தளத்தின்மேல் தனியாக ஒரு பலகைத் தளம் போட்டார்கள். வெயில் படாமல் மேலே கித்தான் கட்டினார்கள். ஆளுக்குச் சுமார் பத்து நாய் என்று பிரித்துக் கொடுத்து, அவற்றின் தீனி, குளிப்பு, சண்டை எல்லாம் அந்த ஆளின் பொறுப்பு. பல மாதக் கடல் பயணம் முடிந்து பனிக்கரையில் இறங்கியபோது, வழியில் பிறந்த குட்டிகளையும் சேர்த்து எண்ணிக்கை 100-ஐத் தாண்டியிருந்தது.

இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த கைதான் பின்னால் துப்பாக்கியும் பிடித்தது. பாசமும் கணக்கும் ஒரே ஆளிடம் ஒன்றையொன்று தடுக்காமல் இருந்தன. திரும்பிய நாய்களில் ஐவரில் இன்னொருவரான ஆஸ்கார் விஸ்டிங்கின் 'கர்னல்' ஒன்று. அது நார்வே வரை வந்து சேர்ந்தது. அந்த ஒன்றைக் காட்டி மற்றவற்றை மறக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

● துருவத்தை நெருங்குகிறோம் என்று நாய்களுக்குத் தெரிந்திருக்குமா?
— பிளஸ் டூ மாணவர், சிவகாசி

தெரிந்திருக்காது. முன்னால் ஒருவர் போனால் நேராக ஓடும், யாரும் இல்லாவிட்டால் வெள்ளைவெளி எங்கும் ஒன்றுபோல இருப்பதால் தடுமாறும். கடைசி நாளில் முதல் வண்டி ஓட்டிய ஹெல்மர் ஹான்சென், நாய்கள் சரியாக ஓட மாட்டேன் என்கின்றன, நீங்கள் முன்னால் போங்கள் என்று ஆமுண்ட்சென்னிடம் சொன்னார். தலைவர்தான் முதலில் துருவத்தை மிதிக்க வேண்டும் என்பதற்காகத் தான் சொன்ன சாக்கு அது என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். பெருமை தலைவருக்கு, பழி நாய்க்கு.

● நாய்களைக் கொல்ல மனம் வராததால்தான் ஸ்காட் தோற்றார் என்று ஒரு பேச்சில் கேட்டேன். உண்மையா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி

பாதி உண்மை ஐயா. மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். 1902 நவம்பரில், முந்தைய பயணம் ஒன்றில், ஸ்காட், துணைவர்கள் ஷேக்கிள்டன், வில்சன் மூவரும் 19 நாய்களோடு தெற்கே கிளம்பினார்கள். மூவரில் ஒருவருக்கும் நாய் ஓட்டிப் பழக்கமில்லை. நாய்களுக்கென்று கொண்டுபோன நார்வேக் கருவாடு, கப்பல் வெப்ப மண்டலத்தைக் கடந்தபோதே கெட்டுப்போயிருந்தது. அதைத் தின்று நாய்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. விழுந்ததை அறுத்து மற்றவற்றுக்குப் போட்டார்கள். ஒன்றுகூடத் திரும்பவில்லை. அறுக்கும் வேலை பெரும்பாலும் வில்சன் தலையில் விழுந்தது. அதை அவரிடம் விட்டுவிட்டுத் தான் ஒதுங்கி நின்றது வெட்கமாக இருந்தது என்று ஸ்காட் எழுதியிருக்கிறார். நல்ல மனசு இருந்தது, நாயைப் பற்றிய அறிவு இல்லை. அந்த 19 நாய்களும் பட்ட பாடு, ஆமுண்ட்சென்னின் நாய்கள் பட்டதைவிடக் குறைவில்லை. ஆமுண்ட்சென் குழுவின் நாய்களாவது வயிறு நிறையத் தின்றன.

ஆனால் ஸ்காட்டின் நல்ல மனசைப் பொய் என்று சொல்ல விடமாட்டேன். 1911 பிப்ரவரியில், உணவுக் கிடங்கு வைத்துவிட்டுத் திரும்பும் வழியில், அவரும் குழுவின் நாய்களுக்குப் பொறுப்பான மியர்ஸும் ஓட்டிவந்த 13 நாய்கள் பனிப்பிளவின் மேல் படிந்திருந்த மெல்லிய பனிமூடியில் கால் வைத்தன. நடுவிலிருந்த நாய்கள் ஜோடி ஜோடியாகக் கண்ணுக்கு முன்னால் மறைந்தன. வண்டி விளிம்பில் நின்றுவிட்டது. எதிர்க்கரையில் தலைநாய் உஸ்மான் நான்கு காலையும் ஊன்றிக் கயிற்றைப் பிடித்து நின்றது. நடுவில் இருந்தவை அந்தரத்தில் வாரில் தொங்கி ஊளையிட்டன. கயிறு கழுத்தை நெரித்ததால் முதலில் உஸ்மானை விடுவித்தார்கள். பிறகு தொங்கிய நாய்களை இரண்டிரண்டாக மேலே இழுத்தார்கள். 11 வந்தாயிற்று. இரண்டு வாரிலிருந்து நழுவி, சுமார் 65 அடி ஆழத்தில் ஒரு பனித்திட்டில் போய் விழுந்து சுருண்டு படுத்திருந்தன. விட்டுவிடலாம் என்று கூட வந்த மற்றவர்கள் சொல்லியும் கேட்காமல், தன்னைக் கயிற்றில் கட்டி இறக்கச் சொன்னார் ஸ்காட். இரண்டையும் கட்டி மேலே அனுப்பினார். அவர் கீழே நிற்கும்போதே மேலே நாய்களுக்குள் பெரிய சண்டை மூண்டு, மற்றவர்கள் அதைப் பிரிக்க ஓடினார்கள். அதுவரை தலைவர் அந்தப் பிளவுக்குள் காத்திருந்தார். ஒரு பயணத்தின் தலைவர் இரண்டு நாய்க்காக இப்படி இறங்கலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்த 13 நாய்களும் மேலே வர வழி செய்தவர் அவர்.

● ஸ்காட் குழு இறந்ததற்கும் நாய்களுக்கும் தொடர்பு உண்டா?
— மருந்தாளுநர், காரைக்குடி

உண்டு, சங்கடமான தொடர்பு. 1912 மார்ச் முதல் வாரத்தில் செர்ரி-கரார்ட் என்ற இளைஞரும், சைபீரியாவிலிருந்து வந்த நாய் ஓட்டியான டிமிட்ரியும், இரண்டு நாய் வண்டிகளோடு 'ஒன் டன்' கிடங்கை அடைந்து ஸ்காட்டுக்காகக் காத்திருந்தார்கள். கிடங்கில் நாய்களுக்குத் தீனி இல்லை. மேலும் தெற்கே போக வேண்டுமானால் சில நாய்களைக் கொன்று மற்றவற்றுக்குப் போட வேண்டும். நாய்களைப் பணயம் வைக்கக்கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட உத்தரவு. புயல் வேறு. மார்ச் 10 அன்று திரும்பிவிட்டார்கள். அந்த மாத இறுதியில் ஸ்காட்டும் கடைசி இரு துணைவர்களும் அதே கிடங்குக்கு 11 மைல் தள்ளி உயிர் விட்டார்கள்.

அன்று போயிருந்தால் வெள்ளைவெளியில் ஸ்காட்டைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் ஏதும் இல்லை. ஆனாலும் செர்ரி-கரார்ட் சாகும்வரை இந்தக் கேள்வியிலிருந்து விடுபடவில்லை. அவரைக் குற்றம் சொல்பவர்கள் கூடாரத்துக்குள் இருந்த ஆள் இல்லை.

● நாயைச் சுட்டுவிட்டு அந்த மனிதர்கள் அழுதார்களா?
— தையல் தொழிலாளி, திருப்பூர்

அழுகையைவிட ஆழமான ஒன்றைச் செய்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன். நார்வேக்காரர் நான்சென். பின்னாளில், 1922-ல், அகதிகளுக்குச் செய்த பணிக்காக நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். 1895 மார்ச்சில் அவரும் யொஹான்செனும் 28 நாய்களோடு கப்பலை விட்டிறங்கி வடதுருவத்தை நோக்கி நடந்தார்கள். 86 பாகை 14 நிமிடம் வரை போய், அதற்கு மேல் முடியாமல் திரும்பினார்கள். அதுவரை மனிதன் எட்டாத வடக்கு அது.

தீனி தீரத் தீர, பலவீனமான நாயைக் கொன்று மற்றவற்றுக்குப் போட்டார்கள். தோட்டா மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதால் கத்தி. முதல் நாயை அறுத்துப் போட்டபோது பல நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டு, பசியோடே படுத்துக்கொண்டன. பிறகு பசி வென்றது. ஆகஸ்டில் திறந்த கடல் வந்தது. இனி கயாக் படகில்தான் போக முடியும், நாய்க்கு அதில் இடமில்லை. மிஞ்சியவை இரண்டு. நான்சென்னின் காய்ஃபாஸ், யொஹான்செனின் சுக்கென். ஐந்து மாதம் வண்டி இழுத்தவை.

அந்த இரண்டுக்கு மட்டும் ஆளுக்கொரு தோட்டா செலவழித்தார்கள். தன் நாயைத் தன் கையால் கொல்ல இருவராலும் முடியவில்லை. நான்சென் யொஹான்செனின் நாயை ஒரு பனிமேட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். யொஹான்சென் நான்சென்னின் நாயை இன்னொரு மேட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். இருபதுக்கும் மேற்பட்ட நாய்களைக் கத்தியால் முடித்த கைகள் இந்த இரண்டுக்கு முன்னால் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த ஒரு நிகழ்ச்சியை விளக்கத் தெரிந்தவர் மனித மனசையே விளக்கத் தெரிந்தவர். எனக்குத் தெரியவில்லை அம்மா.

● ஷேக்கிள்டன் கப்பல் மூழ்கியும் 28 பேரும் பிழைத்தார்கள் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அந்தக் கப்பலில் நாய் இருந்ததா?
— மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

கொண்டாட்டத்தில் விடுபட்டுப்போன கணக்கு அதுதான். எண்டூரன்ஸ் கப்பலில் 69 நாய்கள் போயின. 1915-ல் கப்பல் பனியில் சிக்கிக்கொண்டதும் நாய்களைக் கீழே இறக்கி, பனிக்கட்டியால் குடில் கட்டிக் கொடுத்தார்கள். ஜூனில், நடுக்குளிர் இருட்டில், ஒரு நாய் வண்டிப் பந்தயமே நடந்தது. சாக்லேட்டும் சிகரெட்டும் பந்தயப் பணம். ஃபிராங்க் வைல்டின் வண்டி ஜெயித்தது. டாம் கிரீன் என்ற முரட்டு ஐரிஷ் மாலுமி, சாலி போட்ட நான்கு குட்டிகளைத் தாய்க்குத் தாயாக வளர்த்தார். மாதக்கணக்கில் சூரியனே இல்லாத இடத்தில் அந்த ஆட்களைப் பைத்தியம் பிடிக்காமல் வைத்திருந்ததில் நாய்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அக்டோபர் கடைசியில் கப்பல் நொறுங்கியது. நடக்கத் தயாரானபோது, இழுக்க முடியாதவை வரக்கூடாது என்றார் ஷேக்கிள்டன். கிரீனின் குட்டிகள், தச்சர் மெக்னிஷ் வளர்த்த 'மிசஸ் சிப்பி' என்ற பூனை, எல்லாம் அன்றே சுடப்பட்டன. மருத்துவர் மெக்லின் தன் இளம் நாய் சிரியசைக் கூட்டிப்போனார். விளையாட்டு என்று நினைத்து அது துள்ளித் துள்ளி அவர் கையை நக்கியது. துப்பாக்கியைக் குறிபார்க்க முடியாதபடி அவர் கை நடுங்கியது. பிறகு வந்த மாதங்களில் மற்ற நாய்களும் ஒன்று விடாமல் சுடப்பட்டன. பூனைக்காக ஷேக்கிள்டனை மெக்னிஷ் கடைசிவரை மன்னிக்கவில்லை.

28 பேர் பிழைத்தது மகத்தான செயல்தான். யாரும் சாகவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

● நாய் இறைச்சி சாப்பிட்டால் செத்துப்போவார்களா?
— தேநீர்க் கடைக்காரர், தென்காசி

இறைச்சியால் இல்லை, ஈரலால் நேர்ந்திருக்கலாம். 1912 டிசம்பரில் ஆஸ்திரேலியப் பயணி மாசனின் துணைவர் நின்னிஸ், நல்ல நாய்களோடும் பெரும்பகுதி உணவோடும் பனிப்பிளவில் விழுந்து மறைந்தார். மாசனும் இன்னொரு துணைவர் மெர்ட்ஸும் மிஞ்சிய நாய்களைத் தின்றபடி திரும்பி நடந்தார்கள். தசை நார் நாராக இருந்ததால், மெல்ல எளிதாக இருந்த ஈரலை விரும்பிச் சாப்பிட்டார்கள். தோல் உரிந்தது, வயிறு கெட்டது, மெர்ட்ஸுக்குப் புத்தி தடுமாறியது. 1913 ஜனவரி 8 அன்று இறந்தார். துருவ நாய்களின் ஈரலில் வைட்டமின் ஏ நஞ்சாகும் அளவுக்குச் சேர்ந்திருக்கும், அதுதான் காரணம் என்று பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மருத்துவர்கள் கருத்துச் சொன்னார்கள். பட்டினிதான் காரணம் என்பாரும் உண்டு. மாசன் தனியாக ஊர்ந்து உயிரோடு வந்து சேர்ந்தார்.

● நாய் மனிதனைக் காப்பாற்றிய கதையே இல்லையா? கொன்றதையே சொல்கிறீர்களே!
— குடும்பத் தலைவி, வேலூர்

இருக்கிறது. கான், கன்னர், ஆஸ்கார், டவுசர். நான்கு பெயரையும் மனசில் வையுங்கள். ஷேக்கிள்டன் அண்டார்டிகாவைக் குறுக்கே கடந்து வரும்போது தேவைப்படும் என்று எதிர்க்கரையில் ஒரு குழு உணவுக் கிடங்குகள் வைத்துக்கொண்டு போனது. அவர் வரவே போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. 1916 பிப்ரவரியில் திரும்பும் வழியில் ஸ்கர்வி நோய், உணவு தீர்ந்த நிலை, நாள்கணக்கில் புயல். நோயாளியை வண்டியில் கட்டி இழுக்க வேண்டியிருந்தது. ஆட்களே தள்ளாடினார்கள். அந்த நான்கு நாய்கள் இழுத்ததால்தான் அடுத்த கிடங்கை எட்டினார்கள். பிழைத்தவர்கள் அதைத் தங்கள் வாயாலேயே சொன்னார்கள்.

● அலாஸ்காவில் மருந்து கொண்டுபோன நாய்களில் நிஜமான வீரன் பால்ட்டோவா, டோகோவா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, புதுச்சேரி

இரண்டும்தான், ஆனால் என் ஓட்டு டோகோவுக்கு. 1925-ல் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது சுமார் 20 நாய் ஓட்டிகள் கைமாற்றி மாற்றி 1,085 கிலோமீட்டர் மருந்தைச் சுமந்தார்கள். மிக நீண்ட, மிக ஆபத்தான கட்டத்தை ஓடியது செப்பாலா என்ற ஓட்டியின் டோகோ. கடைசிக் கட்டத்தை ஓடி ஊருக்குள் நுழைந்தது பால்ட்டோ. அதே ஆண்டு நியூயார்க்கில் சிலை பால்ட்டோவுக்கு. அடுத்த ஆண்டு அதே நகரில் டோகோவுக்குத் தங்கப் பதக்கம் அணிவித்தவர் யார் தெரியுமா? ஆமுண்ட்சென். செப்பாலாவின் கைக்குச் சைபீரிய நாய்கள் முதலில் வந்ததே ஆமுண்ட்சென்னின் வடதுருவப் பயணத்துக்குப் பழக்கத்தான். அந்தப் பயணம் நின்றுபோனது.

● 'எய்ட் பிலோ' படம் பார்த்து அழுதுவிட்டேன். நடந்த கதையா?
— செவிலியர், தஞ்சாவூர்

நடந்தது ஜப்பானியர்களுக்கு, நடந்தது இன்னும் கொடுமை. 1958 பிப்ரவரியில் அண்டார்டிகாவின் ஷோவா நிலையத்தில் 15 சக்காலின் நாய்கள் இருந்தன. அடுத்த குழு சில நாளில் வந்து பொறுப்பேற்கும் என்று நம்பி, நாய்களைச் சங்கிலியில் கட்டிவிட்டு முதல் குழு வெளியேறியது. பனியும் வானிலையும் கப்பலை நெருங்கவே விடவில்லை. அடுத்த குழு வரவில்லை. நாய்கள் கட்டிய இடத்தில் கிடந்தன.

1959 ஜனவரி 14 அன்று திரும்பிப் போனவர்கள் பார்த்தபோது ஏழு நாய்கள் சங்கிலியிலேயே செத்திருந்தன. ஆறு எங்கே போயின என்றே தெரியவில்லை. இரண்டு மட்டும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. நாய்களைப் பராமரித்த கிட்டாமுரா என்ற இளம் விஞ்ஞானிக்கு, வளர்ந்து பெருத்திருந்த அவற்றை அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்த்தார். டாரோ என்றதும் ஒன்று அசைந்தது. ஜிரோ என்றதும் மற்றது. அண்ணன் தம்பி இரண்டும். ஏறத்தாழ ஓராண்டு, குளிர்கால இருட்டையும் சேர்த்து, மனிதன் இல்லாமல் வாழ்ந்திருக்கின்றன. செத்த தோழர்களின் உடலை அவை தின்னவில்லை என்று பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஜிரோ 1960-ல் அண்டார்டிகாவிலேயே இறந்தது. டாரோ சப்போரோ நகரில் 1970 வரை வாழ்ந்தது. ஜப்பானியர்கள் 1983-ல் இதைப் படமாக எடுத்தார்கள். நீங்கள் பார்த்த 2006-ஆம் ஆண்டு ஹாலிவுட் படம் அதைத் தழுவியது. அதில் எட்டு நாயில் ஆறு பிழைக்கும். நிஜத்தில் பதினைந்தில் இரண்டு. கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டுப் போயிருந்தால் இன்னும் எத்தனை பிழைத்திருக்கும் என்ற கேள்வி அன்று ஜப்பான் முழுவதும் எழுந்தது. சரியான கேள்வி.

● உறைபனியில் நாய்க்குக் கால் விறைக்காதா?
— கால்நடை மருத்துவ மாணவர், நாமக்கல்

உங்கள் துறைக் கேள்வி, சுருக்கமாகச் சொல்கிறேன். பாதத்துக்கு இறங்கும் சூடான ரத்தமும் மேலேறும் குளிர்ந்த ரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஓடுவதால், சூடு பாதத்தில் வீணாகாமல் உடம்புக்கே திரும்புகிறது. உள்ளே பஞ்சுபோல் ஒரு ரோமம், வெளியே முரட்டு ரோமம். தூங்கும்போது வாலால் மூக்கை மூடிக்கொள்ளும், மேலே பனி விழுந்து மூடினால் அதுவே போர்வை. கடுமையாக ஓடும் நாளில் 10,000 கலோரிக்கும் மேல் எரிக்கும், பெரும்பாலும் கொழுப்பிலிருந்து. கூரான பனிக்கட்டி பாதத்தை வெட்டும். அதனால் நல்ல ஓட்டிகள் பாதத்துக்குத் துணி உறை மாட்டுவார்கள், இரவில் தாங்கள் சாப்பிடும் முன் ஒவ்வொரு பாதத்தையும் விரல் இடுக்கோடு பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், ஓட்டியின் அன்பை அளக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

● எல்லாப் புகழும் வெள்ளைக்காரர்களுக்கே போகிறது. நாய் வண்டியைக் கண்டுபிடித்தவர்கள் யார்?
— சமூக ஆர்வலர், யாழ்ப்பாணம்

வடகோடியின் பூர்வகுடி மக்கள். சைபீரியாவுக்கு வடக்கே உள்ள ஷோகோவ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய நாயின் எலும்பு கிடைத்தது. 2020-ல் வெளியான மரபணு ஆய்வு, இன்றைய கிரீன்லாந்து வண்டி நாய்கள் அதற்கு நெருங்கிய உறவு என்று காட்டியது. ஐரோப்பியப் பயணிகளுக்கு நாயையும் கொடுத்து, ஓட்டவும் கற்றுக்கொடுத்து, பல நேரம் கூடவே போய் ஓட்டியும் கொடுத்தவர்கள் இவர்கள். 1909-ல் வடதுருவத்தை அடைந்ததாக அமெரிக்கப் பயணி பியரி சொன்னபோது, அவரோடு கடைசிவரை போனவர்கள் ஹென்சன் என்ற கறுப்பினத்தவரும் ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்கியா என்ற நான்கு இனுயிட்களும். பியரி உண்மையில் துருவத்தைத் தொட்டாரா என்பது இன்றும் சர்ச்சை. நாயை ஓட்டியது யார் என்பதில் சர்ச்சை இல்லை.

புகழ் போனது மட்டுமில்லை. 1950-களின் நடுவிலிருந்து 1960-களின் இறுதிவரை வட கியூபெக் பகுதியில் இனுயிட் மக்களின் வண்டி நாய்களைப் போலீஸார் ஆயிரத்துக்கும் மேல் சுட்டுத்தள்ளினார்கள். கட்டாத நாய் ஆபத்து என்று காரணம் சொன்னார்கள். நாய் போனதும் வேட்டை போயிற்று, வேட்டையோடு உணவும் போயிற்று. பல குடும்பங்கள் முடங்கின. 2024 நவம்பரில்தான் கனடா அரசு அங்கே நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, 4.5 கோடி டாலர் இழப்பீடு அறிவித்தது. துருவ நாய்களின் வரலாற்றில் எனக்கு மிகுந்த கோபம் தரும் பகுதி இது. ஆமுண்ட்சென்னுக்காவது ஒரு கணக்கு இருந்தது.

● இன்று அண்டார்டிகாவில் நாய்கள் உண்டா?
— பயண முகவர், சென்னை

ஒன்றுகூட இல்லை. 1991-ல் கையெழுத்தான சுற்றுச்சூழல் உடன்படிக்கை, 1994 ஏப்ரல் 1-க்குள் எல்லா நாய்களையும் வெளியேற்றச் சொன்னது. டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் சீல்களுக்குத் தொற்றும் என்ற அச்சம். நாய்த் தீனிக்காகச் சீல்களைக் கொன்றுகொண்டிருந்ததும் உண்மை. பிரிட்டிஷ் நிலையத்தின் கடைசி நாய்கள் அந்த ஆண்டு பிப்ரவரியில் கிளம்பி, கனடாவில் இனுக்ஜுவாக் என்ற இனுயிட் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்குச் சற்று முன்பு, 1989-90-ல், ஆறு நாட்டைச் சேர்ந்த ஆறு பேர் நாய் வண்டியிலேயே கண்டத்தைக் குறுக்காகச் சுமார் 6,000 கிலோமீட்டர், 220 நாளில் கடந்தார்கள். அப்படி ஒன்று இனி நடக்காது. தடை சரியான முடிவு, வருத்தத்தோடு சொல்கிறேன். வடக்கே கிரீன்லாந்தில் மட்டும் டென்மார்க் ராணுவத்தின் சிரியஸ் ரோந்துப் படை இன்றும் நாய் வண்டியில்தான் போகிறது.

● இவ்வளவு படித்தபின் ஹஸ்கி குட்டி ஒன்று வாங்கலாம் என்று ஆசை. சென்னை அடுக்குமாடியில் வளர்க்க முடியுமா?
— தனியார் நிறுவன மேலாளர், வேளச்சேரி

வாங்காதீர்கள். 40 டிகிரி வெயிலில் அந்த இரட்டை ரோமத்தோடு அது வாழ்வது, வாழ்நாள் முழுக்கக் கம்பளி போர்த்திக்கொண்டு இருப்பதற்குச் சமம். ரோமத்தை மழித்துவிட்டாலும் தீர்வில்லை, தோல் வெயிலில் வெந்துபோகும். நாள்தோறும் பல கிலோமீட்டர் ஓட வேண்டிய உடம்பு அது. நாள் முழுக்க ஏ.சி. அறைக்குள் பூட்டி வைத்தால் கத்தும், கதவைக் கடிக்கும், ஒரு வருஷத்தில் நீங்களே யாரிடமாவது தள்ளிவிடப் பார்ப்பீர்கள். அப்படித் தள்ளிவிடப்பட்ட ஹஸ்கிகள் நம் ஊர் நாய்க் காப்பகங்களில் இருக்கின்றன. ஆசை அடங்கவில்லை என்றால் ஒரு காப்பகத்துக்குப் போங்கள். நம் வெயிலைத் தாங்கும் நாட்டு நாய்க் குட்டிகள் அங்கே காத்திருக்கின்றன. ஒன்றை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள், வெறிநாய்த் தடுப்பூசியும் டிஸ்டெம்பர் தடுப்பூசியும் உரிய வயதில் போட்டுவிடுங்கள்.